முந்தி இல்லாத சேலை

ஒவ்வொரு தலைமுறைக்கும் புகையைப் பற்றி ஒரு படம் உண்டு. நம் பாட்டனாருக்கு அது வயல் வரப்பில் குந்தியிருந்து இழுத்த பீடி. நம் தந்தையருக்கு அது வெள்ளித்திரையில் காற்றில் சுழன்று உதட்டில் வந்து அமர்ந்த சிகரெட்டு. இன்றைய பதின்பருவத்தினருக்கு அது உள்ளங்கை அகலத் திரையில் அரை நிமிடம் தோன்றி மறையும் வெண்மேகம். வாயிலிருந்து வளையம் வளையமாக ஆவி எழுகிறது. பின்னணியில் ஒரு பாடலின் துணுக்கு ஒலிக்கிறது. முகத்தில் எதையும் பொருட்படுத்தாத பார்வை. ஓரத்தில் விருப்பக்குறிகளின் எண்ணிக்கை. 'வேப்' என்று இளையோர் அழைக்கும் மின்னணு சிகரெட்டை அவர்கள் பெரும்பாலும் இந்தப் படத்தின் வழியாகவே அறிகிறார்கள்.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். இத்தகைய ஊரின் கடைவீதியில் பீடிக்கட்டும் சிகரெட்டுப் பெட்டியும் எளிதில் கிடைக்கும். வேப் அவ்வாறு கடை முகப்பில் இடம்பெற இயலாது. 2018இல் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் நடுவண் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு இறுதியில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றம். முதன்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பொருள் மறைவாகக் கைமாறுகிறது. அதன் படமோ எந்தத் தடையுமின்றி எல்லா வீட்டிற்குள்ளும் வந்து போகிறது. பொருளைத் தேடிப் பிடிப்பது காவல்துறையின் பணி. படத்தைப் படித்துப் பொருள் காண்பது திறனாய்வின் பணி. கவிதையையும் கதையையும் திரைப்படத்தையும் இம்மாத இதழ்களில் நாம் எடை போடுகிறோம். நம் பிள்ளைகள் நாள்தோறும் மிகுதியாகக் காணும் கலை வடிவமான 'ரீல்ஸ்' என்னும் குறும்படத் துணுக்கையும் அவ்வாறே எடை போட்டுப் பார்ப்பது தகும்.

திரையில் எழுந்த புகை

தமிழ்த்திரையில் புகைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1976இல் வெளிவந்த 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்த வித்தை, ஒரு நடிகரின் தனி அடையாளமாக வளர்ந்தது. அதை எத்தனை இளைஞர்கள் கண்ணாடியின் முன் நின்று பழகியிருப்பர் என்பதை அக்காலத்தவர் அறிவர். 2002இல் 'பாபா' வெளிவந்தபோது புகைக்காட்சிகளுக்கு எதிராகப் பாட்டாளி மக்கள் கட்சி பெரும் போராட்டம் நடத்தியது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் சிகரெட்டின் இடத்தைச் சுயிங்கம் பிடித்துக்கொண்டது. 2018இல் 'சர்கார்' படத்தின் முதல் சுவரொட்டியில் நடிகர் விஜய் சிகரெட்டுடன் தோன்றியபோது மாநிலச் சுகாதாரத்துறை அறிவிக்கை அனுப்பியது. அப்படம் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து நீக்கப்பட்டது. புகைக்கு இலக்கணம் வகுத்த ரஜினிகாந்த், 2023இல் ஒரு மேடையில், கணக்கின்றிப் புகைத்த தம்மை அப்பழக்கத்திலிருந்து மீட்டவர் தம் மனைவியே என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரைப்படத்தில் புகைத்தவர் நம்மினும் உயர்ந்தவர். எட்டாத இடத்தில் இருந்தவர். அவரைக் கண்டிக்க ஒரு முகவரி இருந்தது. போராட ஒரு திரையரங்கு வாசல் இருந்தது. அறிவிக்கை அனுப்ப ஒரு நிறுவனம் இருந்தது. தணிக்கைக் குழு இருந்தது. மேலும், படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. 'வணக்கம்' என்ற எழுத்து திரையில் விழுந்ததும் விளக்கு எரிந்தது. இளைஞன் எழுந்து வீட்டுக்கு நடந்தான். கண்டது கனவு என்பதும், தான் நடப்பது தன் தெரு என்பதும் அந்த நடையில் அவனுக்குத் தெளிந்தன.

ரீல்ஸ் இவை அனைத்தையும் மாற்றிவிட்டது. இங்கே புகைப்பவர் நடிகர் அல்லர். அடுத்த தெரு அண்ணன், உடன் படித்த நண்பன், பக்கத்து ஊர்ப் பையன். அவன் காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் செய்யவில்லை. ஆதலால் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தின் கண்ணில் அவன் எளிதில் படுவதில்லை. அவனும் தன்னை விளம்பரதாரனாக எண்ணிக்கொள்வதில்லை. தன்னைக் காட்டிக்கொள்கிறான், அவ்வளவே. தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசையே விளம்பரத்தின் வேலையைக் கூலியின்றிச் செய்துவிடுகிறது.

கலையாக மட்டும் பார்த்தாலும் இத்துணுக்குகளின் வறுமை வியப்பளிக்கிறது. அவற்றில் கதையில்லை, முரண் இல்லை, வளர்ச்சி இல்லை. பார்ப்பவனுக்கு ஒரே ஒரு செய்தி கிட்டுகிறது: 'நான் இங்கே இருக்கிறேன், நீ என்னைப் பார்க்கிறாய்.' புகை இதற்கு மிகவும் பொருந்திய கருவி. பேசத் தெரியாதவனுக்கும் அது பேச்சாகிறது. ஆடத் தெரியாதவனுக்கும் அது அசைவாகிறது. பதினாறு வயதில் தன் முகத்தைப் பற்றி, தன் உடையைப் பற்றி, தன் வீட்டின் வறுமையைப் பற்றி ஓயாமல் வெட்கப்படும் பிள்ளைக்கு, முகத்தின் முன் ஒரு மேகத்தை நிறுத்திக்கொள்வது எத்துணை ஆறுதல் என்பதை நாம் இரக்கத்தோடு உணர வேண்டும். இவ்விரக்கம் இல்லாத கண்டனம் அப்பிள்ளையின் காதில் ஏறாது.

இருமலை நீக்கியவர்கள்

ரீல்ஸும் வேப்பும் ஒரே காலத்தில் ஒரே வயதினரைப் பற்றியது தற்செயல் எனத் தோன்றலாம். இரண்டும் செய்யப்பட்ட முறையை அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒரே அறிவின் இரு படைப்புகள் எனத் தெளிவாகும்.

முதன்முதலாகப் பீடியை இழுத்தவன் இருமினான். கண்ணில் நீர் வந்தது. அது உடல் தந்த எச்சரிக்கை. இன்று நாம் காணும் மின்னணு சிகரெட்டை 2003இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கினார். புகைப்பவர் புகையிலையை விட ஒரு வழி என்றே அது முன்வைக்கப்பட்டது. 2015இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த 'ஜூல்' என்னும் கருவி அதன் போக்கை மாற்றியது. நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கியபோது தொண்டையின் எரிச்சல் குறைந்தது. மிகுந்த செறிவுள்ள நிக்கோட்டினையும் இருமாமல் உள்ளிழுக்க முடிந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரையறுத்திருக்க, அமெரிக்காவில் விற்ற ஜூல் குப்பிகளில் 59 மில்லிகிராம் வரை இருந்தது. மாம்பழச் சுவையும் புதினாச் சுவையும் சேர்ந்தன. இளம் முகங்கள் நிறைந்த விளம்பரம் சமூக ஊடகங்களில் பரவியது. 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருள் 27.5 விழுக்காட்டினர் மின்னணு சிகரெட்டைப் பயன்படுத்தியதாக அந்நாட்டு ஆய்வு கண்டது. இளையோரை நோக்கி விளம்பரம் செய்தது பற்றிய வழக்கில், முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு ஏறத்தாழ 44 கோடி டாலர் தர அந்நிறுவனம் 2022இல் இசைந்தது.

இனி மற்றைய படைப்பைக் காண்போம். நூலுக்குப் பக்க முடிவு உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தொடக்க கால இணையப் பக்கங்களும் அடியில் முடிந்தன. அடுத்த பக்கத்துக்குச் செல்ல விரலால் ஒருமுறை அழுத்த வேண்டும். 2006இல் ஆசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கம் முடியாமலே கீழே கீழே நீளும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் தம் படைப்பின் விளைவைக் கண்டு அவரே வருந்திப் பேசினார். 2009இல் முகநூலில் விருப்பக்குறி வந்தது. அடுத்து வருவது என்ன, எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற இரண்டு ஐயங்களும் சேர்ந்து விரலை ஓயாமல் நகர்த்தின. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று 'டிக்டாக்' தடைசெய்யப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே 'இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்' அவ்விடத்தை நிரப்பியது. பெயர் மாறியது, பசி மாறவில்லை.

வேப்பைச் செய்தவர்கள் இருமலை நீக்கினார்கள். ரீல்ஸைச் செய்தவர்கள் பக்க முடிவை நீக்கினார்கள். 'போதும்' என்று சொல்லும் இடம் இரண்டிலும் அகற்றப்பட்டது. சிகரெட்டு சில நிமிடங்களில் எரிந்து முடியும், சாம்பல் விழும், துண்டு மிஞ்சும், சட்டையில் வாடை நிற்கும், துவைக்கும் தாய் அறிந்துகொள்வாள். வேப்பில் சாம்பல் இல்லை, துண்டு இல்லை, புகையிலை வாடை இல்லை. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே எல்லையும் இல்லை. பள்ளிக் கழிப்பறையில் ஒன்று, போர்வைக்குள் ஒன்று என நாள் முழுவதும் அது நீள்கிறது. நிக்கோட்டின் நொடிகளில் மூளையை எட்டும். இருபத்தைந்து வயதளவும் வளர்ந்துகொண்டிருக்கும் இளமூளை அதற்கு விரைவில் அடிமைப்படும். கருவி கையில் இல்லாத வேளையில் எரிச்சலும் பதற்றமும் கவனச் சிதறலும் தோன்றும். கைப்பேசி கையில் இல்லாத வேளையில் நம் பிள்ளைகளிடம் காண்பதும் இவற்றைத்தானே.

இங்கே ஒரு நியாயத்தையும் மறுக்காமல் சொல்ல வேண்டும். பல்லாண்டு புகைத்தவர் சிகரெட்டை விட்டு முழுமையாக வேப்பிற்கு மாறினால் கேடு குறையும் என்று இங்கிலாந்து போன்ற நாடுகளின் சுகாதாரத்துறை கருதுகிறது. பீடியும் சிகரெட்டும் கடையில் தாராளமாக விற்க, வேப்பை மட்டும் தடுப்பது முறையா என்னும் வினாவும் எழுகிறது. வேலூர், குடியாத்தம் பகுதிகளில் பீடி சுற்றிக் குடும்பம் காக்கும் பெண்களை அறிந்த நமக்கு இவ்வினாவின் கனம் தெரியும். எனினும், சிகரெட்டைத் தொட்டேயிராத பதினைந்து வயதுப் பிள்ளை வேப்பை எடுக்கும்போது அது விடுதலைக்கான படியாக இருப்பதில்லை. அடிமைத்தனத்தின் வாயிலாக இருக்கிறது.

கூட்டத்தின் கூச்சல்

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் எடுத்துரைக்கும் நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதுகிறார். சட்டம் பயில உரோமைக்குச் சென்ற அலிப்பியுஸ், மனிதர் மனிதரைக் கொல்லும் அரங்க விளையாட்டுகளை வெறுத்தவர். ஒருநாள் உணவு முடித்துத் திரும்பிய நண்பர்கள் அவரை விளையாட்டாக அங்கே இழுத்துச் சென்றனர். உடலைத்தான் இழுத்துச் செல்ல முடியும், உள்ளத்தை முடியாது என்று சொல்லி அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். காதுகளை மூடவில்லை. களத்தில் ஒருவன் வீழ்ந்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஒலி அவருடைய கண்ணைத் திறந்தது. கண்ட காட்சியை விட்டு அவரால் விலக இயலவில்லை. வந்தபோது இருந்த மனிதராக அவர் திரும்பவில்லை. வந்த கூட்டத்துள் ஒருவராகத் திரும்பினார். மீண்டும் சென்றார், மற்றவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இப்பகுதியினும் கூர்மையாகச் சமூக ஊடகத்தைத் திறனாய்ந்த எழுத்து அரிது. அலிப்பியுஸை வீழ்த்தியது முதலில் காட்சி அன்று, கூட்டத்தின் குரல். விருப்பக்குறியின் எண்ணிக்கை என்பது காதுக்குக் கேளாத அந்தக் கூச்சல்தான். பத்தாயிரம் பேர் விரும்பினார்கள் என்ற எண்ணைக் கண்டவுடன், அப்படி அதில் என்ன இருக்கிறது என்று நம் கண் திறக்கிறது. அவருடைய தன்னம்பிக்கையும் நமக்குப் பாடமாகிறது. 'பார்த்தால் என்ன, நான் புகைக்கப் போவதில்லையே' என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். அலிப்பியுஸும் அதைத்தான் சொன்னார். அவர் பின்னர் மற்றவரை அழைத்துச் சென்றார் என்பதே மிக வருந்தத்தக்க வரி. ஒரு காணொளியை நண்பனுக்கு அனுப்பும் விரல் இன்று அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் அகுஸ்தினார் தம் நண்பரை அங்கேயே விட்டுவிடவில்லை. இறைவன் வலிய கரத்தால் பின்னாளில் அவரை அங்கிருந்து மீட்டார் என்று சேர்த்தே எழுதுகிறார். அலிப்பியுஸ் தாகாஸ்தே நகரின் ஆயரானார். அடிமைப்பட்டவனைக் கதையின் முடிவாகக் கொள்ளாமல் கதையின் நடுவே வைத்துப் பார்க்கும் பார்வை இது. இப்பார்வை நம் எச்சரிக்கை இலக்கியத்தில் இல்லை.

எச்சரிக்கை என்னும் இலக்கியம்

திரைப்படம் தொடங்குமுன் காட்டப்படும் புகையிலை எதிர்ப்புப் படங்களை நாம் எல்லாரும் அறிவோம். குட்கா மென்று வாய்ப்புற்றுநோய் கண்டு 24 வயதில் இறந்த ஓர் இளைஞரின் முகம் அவற்றுள் ஒன்றில் வருகிறது. அது மெய்யான மரணம். அவருக்கும் தாய் இருந்தாள். ஆயினும் பல்லாண்டு திரும்பத் திரும்பக் காட்டியதன் பயனாக, திரையரங்கு இளைஞர்கள் அவ்வுரையைக் கூடவே ஒப்பித்துச் சிரிக்கலானார்கள்; சமூக ஊடகத்தில் அது நகைப்புத் துணுக்காயிற்று. ஒரு மனிதனின் இறுதி வேதனை நகைச்சுவையாக மாறுமானால், தவறு பார்ப்பவரிடம் மட்டும் இல்லை. அச்சத்தை மட்டுமே நம்பிய கலை நாளடைவில் அச்சத்தையும் இழக்கும் என்பது திறனாய்வு அறிந்த உண்மை. 2023 செப்டம்பர் முதல் இணையவழித் திரைப்படங்களிலும் இவ்வெச்சரிக்கைகள் கட்டாயமாயின. ரீல்ஸ் துணுக்கின் மூலையிலோ எந்த எச்சரிக்கையும் எழுதப்படுவதில்லை.

மற்றொரு குறையும் உண்டு. 2018 முதல் சிகரெட்டுப் பெட்டியின் மேல் புகையிலையை விட உதவும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் அச்சிடப்படுகிறது: 1800112356. தடைசெய்யப்பட்ட பொருளின் மேல் எந்த எண்ணும் இராது. எத்தனை நிக்கோட்டின் உள்ளே இருக்கிறது என்ற மெய்யான கணக்கும் இராது. சட்டத்துக்கு அஞ்சும் பிள்ளை பெற்றோரிடம் சொல்ல அஞ்சுகிறான், ஆசிரியரிடம் சொல்ல அஞ்சுகிறான், மருத்துவரிடமும் சொல்ல அஞ்சுகிறான். தடை தேவைதான். தடையோடு உதவி சேராவிட்டால் அது பிள்ளையை இருட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறது.

வேப்பை மட்டும் கண்டு மற்றவற்றை மறப்பதும் பிழை. 13 முதல் 15 வயது மாணவருள் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாக 2019ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வு காட்டியது. நம் சிற்றூர்ப் பள்ளிகளைச் சுற்றி 'கூல் லிப்' என்னும் புகையிலைப் பொட்டலம் உலவுகிறது. உதட்டுக்குள் ஒளித்துவைத்தால் ஆசிரியருக்குத் தெரியாது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதுகுறித்துக் கவலை தெரிவித்து, நாடு முழுவதும் இதனைத் தடைசெய்ய வழி கேட்டது. நகரத்துப் பிள்ளை வேப்பை நாடுகிறான். அதை வாங்க இயலாத சிற்றூர்ப் பிள்ளை இதை நாடுகிறான். படம் ஒன்று காட்ட, பழக்கம் மற்றொன்றில் தொடங்குகிறது.

தறி கற்பிப்பது

ஆரணியின் பட்டுச்சேலை புவிசார் குறியீடு பெற்றது. குழித்தறியில் அமர்ந்து, காலால் மிதித்து, நாடாவை எறிந்து, அச்சை இழுத்து அடித்துப் பாவும் ஊடையுமாக ஓர் அங்குலத்தைச் சேர்க்கும் வேலையில் கவனம் ஒரு நொடி சிதறினாலும் இழை அறும். அறுந்ததைக் கண்டு முடிந்தால்தான் தறி மேலே செல்லும். உழைப்புக்கேற்ற கூலி இல்லை என்று இளையோர் தறியை விட்டு வெளியேறுவது மெய். அதை நாம் பழித்தல் ஆகாது. விசைத்தறியின் போட்டியும் பட்டு நூலின் விலையும் குடும்பங்களை நெருக்குகின்றன. பட்டம் பெற்றும் வேலை கிட்டாமல், தறியிலும் அமராமல், இரண்டுக்கும் நடுவே நிற்கும் இளைஞனின் நீண்ட பகற்பொழுதில்தான் கைப்பேசி புகுகிறது. பழக்கத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த வெற்றுப் பொழுதைப் பற்றியும் பேச வேண்டும்.

ஆயினும் தறியிடம் ஓர் அறிவு இருக்கிறது. சேலைக்கு அளவு உண்டு. உடல் எங்கே முடிகிறது, முந்தி எங்கே தொடங்குகிறது என்பது நெய்பவருக்குத் தெரியும். பாவு தீர்ந்தால் தறி நிற்கும். நெய்தவர் எழுந்து நெய்ததைக் கையால் தடவிப் பார்ப்பார். அந்த நிற்றலில்தான் வேலையின் மகிழ்ச்சி இருக்கிறது. முந்தியே இல்லாமல் உடலாகவே நீளும் சேலையை யாரும் உடுத்த முடியாது. ரீல்ஸும் வேப்பும் நம் பிள்ளைகளுக்குத் தந்திருப்பது அத்தகைய துணியை. நான்கு மணி நேரம் பார்த்தவனிடம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். அவனால் சொல்ல இயலாது. நூறு முறை இழுத்தவனுக்கு நிறைவு கிட்டியதா என்று கேளுங்கள். அவன் அடுத்த இழுப்பையே நினைத்திருப்பான். முடிவற்ற இன்பம் என்று விற்கப்பட்டது நிறைவற்ற ஏக்கமாக அவனிடம் தங்கிவிடுகிறது.

தலையான நற்பண்புகள் நான்கனுள் அளவுடைமை ஒன்று என நம் மறைக்கல்வி கற்பிக்கிறது. உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையையும் சேர்த்தே, அளவு மீறிய பயன்பாட்டைத் தவிர்க்குமாறு திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. இப்போதனைக்குத் திருச்சபை எளிதில் வந்து சேரவில்லை. 1642இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் செவில் மறைமாவட்டக் கோவில்களுக்குள் புகையிலையைத் தடைசெய்தார். 1863இல் ஒன்பதாம் பியுஸ் உரோமையில் புகையிலைத் தொழிற்சாலையே கட்டினார். வத்திக்கானில் சிகரெட்டு விற்பனை 2018 முதல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையால் நின்றது. மக்களின் உயிரைக் கெடுக்கும் ஒன்றால் வருவாய் ஈட்டலாகாது என்பதே அவர் காட்டிய காரணம். அந்த வருவாய்க் கணக்கைத் தள்ளி வைக்கத் திருச்சபைக்கே இத்தனை காலம் ஆயிற்று என்பதை நினைவில் கொண்டால், பதினாறு வயதுப் பிள்ளையிடம் நாம் சற்று மெதுவாகப் பேசுவோம்.

சமூகத் தொடர்பு பற்றித் திருச்சபை 1963ஆம் ஆண்டு முதல், இரண்டாம் வத்திக்கான் சங்க ஆணையின் வழியே பேசி வருகிறது. 2019இல் இளையோருக்கென எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், எண்ணிம உலகின் நன்மையை ஏற்றுக்கொண்டே, அதன் பின்னே பெரும் பொருளாதார நலன்கள் இயங்குவதையும் அவை மனச்சான்றை ஆள முயல்வதையும் எடுத்துக்காட்டினார். 2023இல் வத்திக்கானின் சமூகத்தொடர்புத் துறை வெளியிட்ட சிந்தனை ஏடு, நல்ல சமாரியர் உவமையை அடிப்படையாகக் கொண்டு, எண்ணிம நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவனை நாம் கடந்து போகிறோமா என்று கேட்டது. இவ்வேடுகளின் சிறப்பு, ஊடகத்தைக் கருவியாக மட்டும் பாராமல் இடமாகப் பார்த்ததில் உள்ளது. குறை ஒன்றும் உண்டு: அவை மனச்சான்றோடு பேசும் அளவுக்கு, அடிமைப்பட்ட உடலோடு பேசவில்லை. விட விரும்பியும் விட முடியாத பிள்ளைக்கு அறிவுரைக்கு முன் துணை தேவைப்படுகிறது. பங்குகள் பல இவ்வேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டது, திருவிழாத் தேர்ப்பவனியை நேரலையில் ஒளிபரப்பிப் பார்த்தவர் எண்ணிக்கையைப் பேசிக்கொள்ளும் வழக்கத்தை மட்டுமே. எண்ணிக்கையில் மகிழும் பங்கு, எண்ணிக்கையில் மயங்கும் பிள்ளைக்கு வேறு வழியைக் காட்டுவது கடினம்.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதர் நிலைக்கு உயர்த்திய கார்லோ அக்கூத்திஸ், 15 வயதில் இறந்த பிள்ளை; கணினியை விரும்பிப் பயின்றவர். விளையாட்டுக் கருவிக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று அவர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டதாக அவர் வரலாறு சொல்கிறது. அவர் கருவியைத் தூக்கி எறியவில்லை; தம் நாளுக்கு ஒரு முந்தி நெய்துகொண்டார்.

நம் அன்பியக் கூட்டங்களில் செய்யக்கூடியவை சிலவே. ஆனால் அவை உறுதியானவை. ஒரு ரீல்ஸ் துணுக்கைப் பிள்ளைகளோடு அமர்ந்து மும்முறை பார்த்து, இதைச் செய்தவர் யார், எதை மறைத்தார், இதனால் வருவாய் யாருக்கு என்று அவர்களையே பேசவிடலாம். காண், தேர்ந்து தெளி, செயல்படு என்று இளங்கிறித்தவ மாணவர் இயக்கம் கற்பித்த முறை இதற்கு மிகவும் பொருந்தும். இரவு உணவு வேளையில் பெற்றோரின் கைப்பேசி முதலில் அணையலாம். 'நான் மாட்டிக்கொண்டேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் கேட்டு, பிறகு மருத்துவரிடம் உடன் செல்லும் ஒரு பெரியவரை ஒவ்வொரு பங்கும் அடையாளம் காட்டலாம். 2019இல் 27.5 விழுக்காடாக இருந்த அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரின் வேப் பயன்பாடு 2024இல் 7.8 ஆகக் குறைந்தது. ஆகவே இது மீள முடியாத பெருவெள்ளம் என்று கையைக் கட்டிக்கொள்ளத் தேவையில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளும் மீள்வர். அவர்கள் நம்மிடம் வந்து பேசும் நாளில், பழிக்காமல் கேட்க நாம் அமர்ந்திருப்போமாக.